ஆலையில் வெட்டிய கை நாடகத்துக்கு வெட்டுமா? துரை கோட்டும் வேறு சந்தேகங்களும்

காத்ர்போர்ன் கலா | திங்கள், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

14 வருஷம் இங்கே மொரீஷியஸில் ஆடை ஏற்றுமதி ஆலையில், துணி வெட்டுவதற்கான மாதிரி வரைகிற பேட்டர்ன் பிரிவில் இருந்தேன். போலோ சட்டை, குழந்தைகள் கால்சட்டை, பிறகு கொஞ்ச காலம் பெண்கள் சட்டை. லெக்ட்ரா மென்பொருளில் அடிப்படை அளவு போட்டு, எஸ் முதல் எக்ஸ்எக்ஸ்எல் வரை மற்ற அளவுகளுக்கு மாற்றுவது (கிரேடிங்) என் வேலை. 2005இல் ஆடை ஏற்றுமதிக்கான கோட்டா முறை முடிந்த பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியதும், வேலை மடகாஸ்கர் பக்கம் போனதும் உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆலை எப்படியோ தாக்குப்பிடித்தது, இந்த வருஷம் அதுவும் மூடியாச்சு. இரண்டு மாதமாக வீட்டில் இருக்கிறேன்.

எங்கள் கோயில் இளைஞர்கள் தமிழ் நாடகப் போட்டிக்கு ஒரு நாடகம் தயார் செய்கிறார்கள். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்து, போர்ட் லூயி குடியேற்ற நிலையத்தின் (ஆப்ரவாசி காட்) 16 படிகளில் ஏறினவர்கள் கதை. 1840களின் கடைசியில் நடக்கிறது. 11 பாத்திரம். நடுவில் தோட்ட முகாமில் கூலிகள் திரௌபதி கூத்து ஆடுகிற காட்சி ஒன்று. உடை முழுக்க என் பொறுப்பு. கூலிகளுக்கு வேட்டி, புடவை, கம்பளி, அதற்குக் கத்தரியே எடுக்க வேண்டாம். மாட்டிக்கொண்டது தோட்டத் துரையின் கோட்டில்தான்.

பழைய படங்களைப் பார்த்து, ஆலையில் பழகின சட்டை பிளாக்கை (அடிப்படை மாதிரி வரைவை) வைத்து, காடாத் துணியில் ஒரு துவால் தைத்தேன். (மற்ற ஊர்க்காரர்களுக்கு: நல்ல துணியில் கத்தரி வைப்பதற்கு முன்னால் மலிவுத் துணியில் தைத்துப் பார்க்கிற மாதிரியை இங்கே துவால் என்போம்.) நின்றால் அழகாக இருக்கிறது. ஆனால் துரை பிரம்பை ஓங்க வேண்டும். ஓங்கினதும் கோட்டே மேலே ஏறி, இடுப்புத் தையல் விலாவுக்கு வந்துவிடுகிறது. அக்குள் இறுக்குகிறது என்று நினைத்து ஆர்ம்ஹோலை (கை சேருகிற வட்டத்தை) 2 செ.மீ. இறக்கி வெட்டினேன். முன்னைவிட மோசம். இன்னும் 1 இறக்கினேன். இப்போது கை தோள் உயரத்துக்கு மேலேயே போகவில்லை.

எங்கே தப்பு செய்கிறேன்? இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். இந்த வேலை எனக்கு மனசோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நாடக உடை வெட்டுவதையே தொழிலாக வைத்து இந்த ஊரில் பிழைக்க முடியுமா?

ரோஸ்ஹில் தையல்நாயகி | திங்கள், இரவு 10:25

கலா தங்கச்சி, இறக்காதே. ஏற்று.

ஆலையிலிருந்து வருகிற எல்லோரும் முதலில் செய்கிற தப்பு இது. இறுக்குகிறது என்றால் பெரிதாக்கு என்றுதான் கை பழகியிருக்கும். ஆனால் கை சுழல்வது தோள் மூட்டில். கைத் துணியும் உடம்புத் துணியும் சேருகிற இடம் அந்த மூட்டுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ, அவ்வளவுக்குக் கை தனியாகப் போகும், உடம்புத் துணி அசையாமல் நிற்கும். ஆர்ம்ஹோலின் அடி அக்குளுக்குக் கீழே தள்ளி இருந்தால், கையின் அடித்தையல் அந்த அளவுக்குக் குட்டையாகிவிடும். கையைத் தூக்கும்போது நீளம் பத்தாமல் பக்கத் தையலைப் பிடித்து இழுக்கும். நீ இறக்க இறக்க அந்தத் தையல் இன்னும் குட்டையாகிக்கொண்டே வந்தது. அதுதான் நடந்தது.

போலோ சட்டையில் இது தெரியவே தெரியாது. பின்னல் துணி நீண்டு கொடுக்கும், சட்டை மேலே ஏறினாலும் யாரும் கவனிப்பதில்லை. இடுப்பில் தையல் வைத்த இறுக்கமான கோட்டில் ஒளிக்க முடியாது.

செய்ய வேண்டியது: ஆர்ம்ஹோல் அடியை அக்குளிலிருந்து ஒன்றரை செ.மீ.க்குள் கொண்டு வா. கையின் மேல் வளைவு உயரத்தைக் குறை, அதற்கு ஈடாகக் கையின் அகலத்தைக் கூட்டு. வளைவுக் கோட்டின் நீளமும் ஆர்ம்ஹோல் நீளமும் ஒத்துப்போக வேண்டும், டேப்பைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிற்க வைத்து அள.

இன்னொரு விஷயம், இதுதான் முக்கியம். சட்டை பிளாக்கிலிருந்து 1840 கோட்டு வராது. அந்தக் கோட்டின் முதுகு ரொம்பக் குறுகல். தோள்பட்டைப் பக்கத்திலிருந்து இரண்டு வளைந்த தையல் இறங்கி, இடுப்பில் இரண்டு பொத்தானுக்கு வந்து நிற்கும். பக்கத் தையல் என்பது பக்கத்தில் இருக்காது, முதுகுக்குப் போயிருக்கும். தோள் தையலும் மேட்டில் இல்லாமல் பின்னால் சரிந்திருக்கும். கை இரண்டு துண்டு, முழங்கையில் வளைவோடு. இந்த வெட்டைப் போட்டதும் நடிகனின் நெஞ்சு தானாக நிமிரும். அவன் துரையாக நடிக்கிறதில் பாதியைக் கோட்டே செய்துவிடும். சட்டை பிளாக்கில் தைத்தால் ஆபீஸ் போகிறவன் வாடகைக் கோட்டு போட்ட மாதிரிதான் இருக்கும்.

உன் முதுகுத் துண்டின் அகலம் இப்போது எவ்வளவு?

பழனி டெய்லர் | செவ்வாய், காலை 6:15

அந்தம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நான் திண்டுக்கல்லில் 30 வருஷம் ரவிக்கை தைத்தவன், இப்போது மகளோடு ஃபீனிக்ஸில் இருக்கிறேன். நம்ம ரவிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். அக்குளோடு ஒட்டினாற்போல் வெட்டினால்தான் அந்தப் பெண் கொடியில் துணி போட முடியும், குடம் தூக்க முடியும். "தாராளமா இருக்கட்டும்" என்று கேட்டு அக்குளை இறக்கச் சொன்னவர்கள் மறுவாரம் திரும்பி வருவார்கள், கை தூக்கினால் கீழ்ப்பட்டி நெஞ்சுக்கு ஏறுகிறது என்று. அதே கணக்குதான் கோட்டுக்கும்.

ஆனால் அவசரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். ஏற்கெனவே இறக்கி வெட்டிவிட்டீர்கள் அல்லவா? அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டு, கிராஸில் (நூல் போக்குக்குச் சாய்வாக) வெட்டி வைத்துத் தையுங்கள். கை தாராளமாக எழும். கோட்டைத் திரும்ப வெட்ட வேண்டியதில்லை.

ரோஸ்ஹில் தையல்நாயகி | செவ்வாய், காலை 7:50

பழனி அண்ணா, அக்குள் துண்டு நல்ல வைத்தியம். நானே சண்டைக் காட்சிக்கும் நடனத்துக்கும் வைப்பேன். ஆனால் துவால் நிலையில் இருக்கும்போது அதை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். துவால் எதற்கு? தப்பைத் தப்பாகவே பார்ப்பதற்கு. வெட்டில் இருக்கிற பிழையை ஒட்டுப்போட்டு மறைத்தால், அடுத்த கோட்டிலும் அதே பிழை வரும். இவள் இன்னும் நல்ல துணியைத் தொடவில்லை. காடா போனால் போகட்டும். ஆர்ம்ஹோலை ஏற்றியும் பத்தாவிட்டால் அப்போது துண்டு வைக்கட்டும்.

பழனி டெய்லர் | செவ்வாய், காலை 8:05

ஏற்றுக்கொள்கிறேன். வாடிக்கையாளர் வாசலில் நிற்கிற அவசரத்திலேயே பழகிவிட்ட கை இது.

காத்ர்போர்ன் கலா | செவ்வாய், இரவு 8:30

அக்கா, முதுகுத் துண்டு நடுமடிப்பிலிருந்து 20 செ.மீ. வைத்திருந்தேன். நீங்கள் சொன்னதைப் படித்ததும் படங்களைத் திரும்பப் பார்த்தேன். அந்த இரண்டு வளைந்த தையலை நான் வெறும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டேன்! இன்று முழுக்க உட்கார்ந்து புதிதாக வரைந்தேன்.

ஒரு சந்தேகம். இதை லெக்ட்ராவில் போட்டு வைத்துக்கொண்டால் அடுத்த நாடகத்துக்கு உதவுமே? என் பழைய சிநேகிதி ஒருத்தி இன்னும் ஒரு ஆலையில் இருக்கிறாள், தாளில் அச்செடுத்துத் தருவதாகச் சொல்கிறாள்.

ரோஸ்ஹில் தையல்நாயகி | செவ்வாய், இரவு 9:10

வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆலையில் பாதி உடம்புதான் வரைவோம், மறுபாதி கண்ணாடியில் பார்த்த மாதிரி வந்துவிடும். ஆயிரம் பேருக்குத் தைக்கும்போது அது நியாயம். மேடையில் நிற்பது ஒரே ஒரு ஆள். அவனுக்கு வலது தோள் தணிந்திருக்கும், ஒரு பக்க இடுப்பு தூக்கியிருக்கும். நான் இடது வலது இரண்டையும் தனித்தனியாகத்தான் வெட்டுவேன். அளவெடுக்கவே முக்கால் மணி நேரம் ஆகும். பாடுகிறவர் என்றால் மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்லி மார்பளவை இன்னொரு தடவை எடுப்பேன். உட்கார்ந்த நிலையில் இடுப்பிலிருந்து நாற்காலி வரை, குனிந்த நிலையில் பிடரியிலிருந்து இடுப்பு வரை, முழங்கையை மடக்கிக் கையின் நீளம். ஆலை அளவு அட்டையில் இதெல்லாம் கிடையாது.

மோக்கா மாணவன் | செவ்வாய், இரவு 9:35

ஆன்ட்டி, மன்னிக்கணும், மாறுபடுகிறேன். கம்ப்யூட்டரில் இடது வலது தனித்தனியாகவும் வரையலாம், யாரும் தடுக்கவில்லை. நீங்கள் தாளில் வெட்டியதெல்லாம் இப்போது எங்கே? கரையான் தின்றிருக்கும், இல்லை போன புயலில் நனைந்திருக்கும். கோப்பாக இருந்தால் அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கும்.

ரோஸ்ஹில் தையல்நாயகி | செவ்வாய், இரவு 10:20

தம்பி, நீ சொன்னது என்னைத் தூங்க விடாது போல. உண்மைதான். முன்பு ஒரு குழுவுக்கு 8 வருஷம் வெட்டினேன். பழுப்புத் தாளில் வெட்டி, ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். அவர்கள் இடம் மாறினபோது பழைய தாள் என்று எல்லாவற்றையும் எரித்துவிட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அந்த வருஷங்களின் வேலையில் என் கையில் மிஞ்சினது ஒரு ராணி ஜாக்கெட்டின் கை மட்டும், அது வேறொரு உறையில் தவறுதலாகப் போயிருந்ததால்.

ஆகவே, கலா, வெட்டி முடித்து, மூன்று தடவை உடம்பில் போட்டுப் பார்த்து, திருத்தமெல்லாம் தாளில் ஏறின பிறகு கோப்பாக்கு. முதலில் கை, கடைசியில் கம்ப்யூட்டர். இதற்கு நான் ஒத்துக்கொள்கிறேன்.

சேந்தாந்த்ரே மகள் | புதன், பகல் 1:00

ரியூனியனிலிருந்து எழுதுகிறேன். கலா அக்கா கேட்ட இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

நான் இங்கே நாடகக் குழுக்களுக்கு உடை தைக்கிறேன். இது பிரான்சைச் சேர்ந்த தீவு, அதனால் பிரான்சின் முறை நடக்கிறது. நாடகத் தொழில்நுட்ப வேலையில் 12 மாதத்துக்குள் 507 மணி நேரம் கணக்குக் காட்டினால், வேலை இல்லாத நாட்களுக்கும் உதவித்தொகை வரும். அதனால்தான் என்னால் இதையே தொழிலாக வைத்திருக்க முடிகிறது. அந்த 507ஐ எட்டுவதற்காக நவம்பரில் ஓடுகிற ஓட்டம் வேறு கதை. இந்த ஆதரவு இல்லாத இடத்தில் நாடகம் மட்டும் வைத்து மாதம் ஓட்டலாம் என்று உங்களுக்கு நான் நம்பிக்கை தர மாட்டேன். கல்யாண உடை, நடன அரங்கேற்றம், ஹோட்டல் மேடை நிகழ்ச்சி என்று சேர்த்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

எங்கள் தாத்தா காலத்தில் இங்கே பால் தமூல் ராத்திரி முழுக்க நடக்கும். பாட்டும் ஆட்டமும் கதையும் சேர்ந்த நம் பழைய நாடகம். நடத்துகிற வாத்தியாரை வர்த்தியால் என்பார்கள். அவர்தான் உடைக்கும் பொறுப்பு, தனியாக வெட்டுகிற ஆள் என்று ஒருவர் கிடையாது. உடைக்கென்று ஒரு கை வேண்டும், அந்தக் கைக்குக் கூலி தர வேண்டும் என்கிற எண்ணமே நம் குழுக்களுக்கு இன்னும் வரவில்லை. விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் பேரம் பேசாமல் காசு கொடுக்கிறார்கள். தையல் என்றால் "நம்ம பெண்தானே, செய்து கொடுக்கும்" என்கிறார்கள். எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு. நாள் கணக்குப் போட்டு எழுதிக் கொடுங்கள் அக்கா, முதல் நாடகமாக இருந்தாலும்.

ரோஸ்ஹில் தையல்நாயகி | புதன், மாலை 4:45

இந்தப் பெண் சொன்னதை நான் அப்படியே வழிமொழிகிறேன். நானும் 25 வருஷம் பள்ளிச் சீருடை தைத்துத்தான் நாடகத்துக்கு வெட்டினேன். துரை கோட்டு மாதிரி ஒன்று என் கைக்கு 9 வேலை நாள். வரைய 1, துவாலுக்கும் திருத்தத்துக்கும் 2, மீதி தையல். இதை எழுதிக் காட்டு. பணம் குறைத்துக் கொடுத்தாலும் நாளின் எண்ணிக்கை அவர்கள் கண்ணில் பட வேண்டும்.

சாட்ஸ்வொர்த் பேரன் | புதன், இரவு 7:20

டர்பனிலிருந்து வணக்கம். என் தமிழ் சனிக்கிழமை வகுப்பில் படித்தது, பிழை இருந்தால் பொறுக்கவும்.

கூத்துக் காட்சி பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் ஊரில் தெருக்கூத்தை ஆங்கிலத்தில் "சிக்ஸ் ஃபுட் டான்ஸ்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். என் அம்மா டர்பனில் துணி ஆலையில் வெட்டு மேசையில் இருந்தவர், கோயில் கூத்துக்குப் பாவாடை வெட்டுவதும் அவர்தான். கிறிக்கி சுற்றும்போது பாவாடை தட்டுப்போல் விரிய வேண்டும், அதற்கு முழு வட்டம். இடுப்பு 76 செ.மீ. என்றால் 6.28ஆல் வகுக்க வேண்டும், இடுப்பு வட்டத்தின் ஆரம் 12 சொச்சம் வரும். அம்மா 11½ தான் வைப்பார், ஏனென்றால் வட்டத்தில் கிராஸ் வருகிற இடம் நீண்டு கொடுக்கும். நீளம் 85 என்றால் மையத்திலிருந்து 96½. ஒரு அரைவட்டத்துக்கு 2 மீட்டர், இரண்டுக்கு 4 மீட்டர்.

வெட்டினதும் விளிம்பு மடிக்கக் கூடாது! இரண்டு ராத்திரி தொங்க விடுங்கள். கிராஸ் வந்த இடமெல்லாம் கீழே இறங்கும், நெடுக்கு நூல் வந்த இடம் அப்படியே நிற்கும். பிறகு ஆட்டக்காரரையே நிற்க வைத்து, தரையிலிருந்து அளந்து சமன் செய்து மடியுங்கள். புஜக்கட்டை, மார்பதக்கம் என்று மரத்தில் செய்த கூத்து நகையெல்லாம் கட்டிய பிறகு அளக்கணும். கல்யாண முருங்கைக் கட்டை லேசானதுதான், ஆனாலும் கயிற்றை இறுக்கிக் கட்டினால் இடுப்பு நிலை மாறும்.

காத்ர்போர்ன் கலா | புதன், இரவு 9:55

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வேன்! தம்பி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். இந்த 11½ கணக்கை எந்த ஆலையிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கோட்டு: ஆர்ம்ஹோலை ஏற்றினேன், முதுகை 13க்குக் குறுக்கினேன், கையை இரண்டு துண்டாக்கினேன். இன்று மாலை நடிகர் போட்டுப் பார்த்தார். பிரம்பை ஓங்கினார். இடுப்புத் தையல் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. அதோடு, அவர் நிற்கிற விதமே மாறிப்போனது. எப்போதும் கூன் போட்டு நிற்கிற பையன், தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தான். ஒத்திகையில் இருந்த பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

போர்ட் லூயி கோர்தெரி தெருவில் கருநீலக் காட்டன் டிரில் (தடித்த பருத்தித் துணி) எடுத்திருக்கிறேன். கம்பளித் துணி இந்த ஊர் வெயிலுக்கும் மேடை விளக்குக்கும் ஆகாது என்று தோன்றியது. வெட்டுவதற்கு முன் ஏதாவது சொல்ல வேண்டுமா அக்கா?

ரோஸ்ஹில் தையல்நாயகி | புதன், இரவு 10:40

டிரில் சரி. ஒன்றே ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேள்.

ஆலையில் தையலுக்கு எவ்வளவு விட்டாய்? 1 செ.மீ. துணிக் கணக்கு அப்படி. இங்கே அதை மற. முதுகுத் தையலிலும் பக்கத்திலும் ஒவ்வொரு ஓரத்துக்கும் இரண்டரை விடு. கை விளிம்பில் 5. ஆர்ம்ஹோலில் மட்டும் 1½க்கு மேல் வேண்டாம், அங்கே துணி குவிந்தால் நீ ஏற்றின பலன் போய்விடும்.

நாடக உடைக்கு ஒரே ஆயுசில் பல உடம்பு. போட்டி முடிந்து அடுத்த வருஷம் வேறு பையன் போடுவான். அதற்கு அடுத்த வருஷம் கோட்டை வெள்ளைக்காரப் போலீசாக்குவார்கள். நம் அம்மாக்கள் ரவிக்கைக்கும் பாவாடைக்கும் "உள்ளே துணி விட்டுத் தை" என்று டெய்லரிடம் சொல்வார்களே, வளர்கிற பிள்ளைக்கு. அதுதான் இதுவும்.

அதனால் உள்துணியைப் பை மாதிரி தனியாகத் தைத்துக் கவிழ்க்காதே. ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் மெல்லிய காட்டனை வைத்து, கச்சாத் தையல் போட்டு, இரண்டையும் ஒரே துணியாக நினைத்துத் தை. ஓரங்கள் உள்ளே திறந்தே இருக்கட்டும். பிரித்து விடுவதற்கு அரை மணி போதும். கவிழ்த்துத் தைத்தால் அரை நாள். அக்குளுக்குள் கழற்றித் துவைக்கிற மாதிரி ஒரு பருத்திப் பட்டை வை. உப்புக் கறைதான் கோட்டைக் கொல்லும்.

ஜிப் வைக்கவே வைக்காதே. நடுக்காட்சியில் சிக்கினால் யாராலும் காப்பாற்ற முடியாது. கால்சட்டைக்கு ஊக்கும் கண்ணியும் வை, பக்கத்திலேயே இரண்டாவது வரிசைக் கண்ணியும் தைத்துவிடு.

உள்ளே ஒரு நாடாவில் பாத்திரத்தின் பெயர், நாடகம், வருஷம் எழுதித் தை. பேட்டர்ன் உறையின்மேல் எத்தனை துண்டு என்று எழுது.

பழனி டெய்லர் | வியாழன், காலை 6:05

அம்மா சொன்ன இரண்டாவது வரிசைக் கண்ணி எனக்குப் புதுசு. 30 வருஷத்தில் எனக்குத் தோன்றவில்லை. இன்றிலிருந்து பாவாடைக்கும் வைக்கப்போகிறேன்.

காத்ர்போர்ன் கலா | 17 நாள் கழித்து, ஞாயிறு, இரவு 8:15

நீங்கள் எல்லோரும் கேட்க வேண்டும் என்று ஓடி வந்தேன்.

கோட்டு முடிந்தது. 13 நாள் ஆனது எனக்கு. நாள் கணக்கு எழுதிக் குழுவிடம் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் கூலி தர முடியாது என்றார்கள், ஆனால் பாதி தந்தார்கள். அந்தத் தாளைக் குழுவின் கணக்கு நோட்டில் ஒட்டியும் வைத்தார்கள். பாவாடைகளும் ஆயின. தொங்க விட்டதில் ஒன்று 4 செ.மீ. இறங்கியிருந்தது, தம்பி!

பிறகு வெள்ளிக்கிழமை துரையாக நடிக்கிற பையனுக்குக் கால் முறிந்துவிட்டது. கால்பந்து. அவனுக்குப் பதில் வந்தவர் மார்பில் 6 செ.மீ. பெரியவர். காட்சிக்கு இன்னும் 8 நாள். குழுத் தலைவர் முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் கோட்டைத் திருப்பி உள்ளே காட்டினேன். முதுகில் இரண்டு வளைந்த தையல், ஆக 4 ஓரம். ஒவ்வொன்றிலும் ஒன்றரை விட்டால் 6. அங்கேயே உட்கார்ந்து பிரித்தேன், மறுபடி தைத்தேன். பொருந்திவிட்டது. கையை ஓங்கச் சொன்னேன், இடுப்பு நகரவில்லை.

ஒரே ஒரு குறை. பழைய தையல் போன இடத்தில் ஊசித் துளை வரிசையாகத் தெரிகிறது. ஆவி பிடித்துப் பார்த்தேன், முழுக்கப் போகவில்லை.

ரோஸ்ஹில் தையல்நாயகி | ஞாயிறு, இரவு 8:40

துணியை லேசாக நனைத்து, நகத்தால் நெடுக்கிலும் குறுக்கிலும் தேய். நூல்கள் நகர்ந்து துளையை மூடும். பிறகு பின்பக்கமாக ஆவி பிடி. மிச்சம் இருப்பது மூன்றாவது வரிசைக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலையில் ரோஸ்ஹில் வருகிறாயா? அந்த ராணி ஜாக்கெட்டின் கைத்துண்டு இருக்கிறதே, அதை உன் சிநேகிதியிடம் கொடுத்துக் கோப்பாக்கிவிடலாம். மீதி ஜாக்கெட்டை நினைவிலிருந்து வரைய முடியுமா என்று உன்னோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். பழுப்புத் தாள் நான் வாங்கி வைக்கிறேன்.